சுமந்தவர் தொட்ட சிகரம்

ஆண்டுதோறும் மே மாதத்தின் பின்பாதியில் எவரெஸ்ட் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இடம்பெறத் தொடங்கிவிடுகின்றன. பலத்த காற்று சில நாள்கள் ஓய்ந்திருக்கும் அந்தக் குறுகிய காலத்தில்தான் பெரும்பாலானோர் சிகரம் ஏறுகின்றனர். ஒரு காலத்தில் அரசுகளும் மலையேற்றக் கழகங்களும் மட்டுமே மேற்கொண்ட இம்முயற்சி, இன்று கட்டணம் செலுத்திச் சேரக்கூடிய ஒரு பயணமாகிவிட்டது. கூடாரம், உணவு, கயிறு, பிராணவாயு உருளை, உடன் வரும் ஷெர்பா வழிகாட்டி என அனைத்தையும் ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் பல உள்ளன.

மதுரையில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என்னிடம் பயின்ற இருவர் இத்தகைய குழு ஒன்றில் சேர விரும்பி, செலவு விவரத்தைக் காட்டி என் கருத்தைக் கேட்டனர். விமானக் கட்டணம் முதல் காலணி விலை வரை அதில் எல்லாம் இருந்தன. சுமை தூக்குவோருக்கு என்ன கூலி, வழிகாட்டிக்கு விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்ற விவரம் மட்டும் இல்லை. அந்தக் காலி இடம்தான் டென்சிங் நோர்கேயின் வாழ்க்கையை மீண்டும் எண்ணிப் பார்க்க என்னைத் தூண்டியது. எவரெஸ்ட்டை முதலில் தொட்ட இருவரில் ஒருவர் என்று அவரை எல்லோரும் அறிவர். தினக்கூலிக்குச் சுமை தூக்கியவராக அவர் அந்த மலைக்கு முதன்முதலில் சென்றார் என்பது அந்த அளவுக்கு நினைவில் நிற்பதில்லை.

சமவெளியில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். கடல் மட்டத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர் மதுரை. யானைமலையும் நாகமலையும் அழகர்மலையும்தான் நம் கண்ணுக்கு எட்டிய மலைகள். ஆனால், மலையேறுபவர் ஒருவர், அவருக்காகச் சுமப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதன்று. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மதப் பணியாளர்கள் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். மலைச்சாலை அமைவதற்கு முன்பு அவர்களும், பின்னர் வந்த வெள்ளை அதிகாரிகளும் அடிவாரத்திலிருந்து டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்தே மேலே சென்றனர். வீடு கட்டியவர்களின் பெயர்கள் கொடைக்கானல் வரலாற்றில் உள்ளன. அவர்களைத் தோளில் தூக்கிச் சென்றவர்களின் பெயர்களை எந்த நூலிலும் நான் கண்டதில்லை. இமயத்திலும் அதே வரலாறுதான் எழுதப்பட்டு வந்தது. அதில் முதல் பெரும் திருத்தத்தைச் செய்தவர் டென்சிங்.

அவர் பிறந்தது 1914-ஆம் ஆண்டு. பிறந்த நாள் எதுவென்று அவருக்குத் தெரியாது. சிகரம் ஏறிய மே 29-ஆம் தேதியையே பிற்காலத்தில் பிறந்த நாளாகக் கொண்டாடினார். பிறந்த இடம் குறித்தும் இரு கருத்துகள் உள்ளன. நேபாளத்தின் கும்பு பகுதி என்பது ஒன்று. எல்லைக்கு அப்பால் உள்ள திபெத்தியப் பள்ளத்தாக்கு என்பது மற்றொன்று. பெற்றோர் யாக் எருது மேய்த்து வாழ்ந்த எளிய மக்கள். பதின்மூன்று குழந்தைகளில் அவர் பதினோராவது. உடன்பிறந்தோரில் பலர் இளமையிலேயே இறந்துபோயினர். நம்ங்யால் வாங்டி என்று முதலில் இடப்பட்ட பெயர், பௌத்த மடாலயத் தலைவர் ஒருவரின் அறிவுரைப்படி டென்சிங் நோர்கே என மாற்றப்பட்டது. செல்வமும் நற்பேறும் உடைய அறவழியாளன் என்பது போன்ற பொருள் தரும் பெயர் அது. பெயரில் இருந்த செல்வம் வீட்டில் இல்லை.

ஷெர்பாக்களின் மொழியில் எவரெஸ்ட்டுக்குச் சோமோலுங்மா என்று பெயர். அந்த மலையின் நிழலில் வளர்ந்தாலும், அதன் உச்சிக்கு ஏறும் எண்ணம் அம்மக்களிடம் இல்லை. மலை வழிபாட்டுக்கு உரியது. ஏறுவது வெளிநாட்டார் கொண்டுவந்த வேலை. அந்த வேலை எங்கே கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று நேபாளம் வெளிநாட்டாருக்குத் தன் கதவுகளை அடைத்திருந்தது. பயணக் குழுக்கள் டார்ஜிலிங்கில் ஆள் சேர்த்து, திபெத் வழியாகவே எவரெஸ்ட்டை நெருங்கின. சிறு வயதில் ஒருமுறை காத்மாண்டுக்கு ஓடிப்போய்த் திரும்பிய டென்சிங், பதினெட்டு வயதை ஒட்டி மீண்டும் வீட்டைவிட்டுக் கிளம்பி டார்ஜிலிங்குக்கு வந்து சேர்ந்தார். துங் சுங் பஸ்தி என்ற ஷெர்பா குடியிருப்பு அவருடைய புதிய ஊரானது.

1933-ஆம் ஆண்டுக் குழுவில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. 1935-இல் எரிக் ஷிப்டன் தலைமையிலான பிரிட்டிஷ் குழு ஆள் எடுத்தபோது, முதலில் தேர்வானவர்களுள் இருவர் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. அந்தக் காலியிடத்தில் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட இளைஞர்தான் டென்சிங். முன் அனுபவம் ஏதுமில்லாத அவரை ஷிப்டன் தேர்ந்தெடுக்கக் காரணம் அவருடைய புன்னகை என்று கூறப்படுவதுண்டு. அவருக்குப் பேசப்பட்டது நாள்கூலி; பனி தொடங்கும் எல்லைக்கு மேலே சென்றால் கூலி சற்றுக் கூடும்.

ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகமாக இருக்க வேண்டும் என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். ஆனால், அது எப்போதும் அப்படி நடப்பதில்லை என்பதை 1776-ஆம் ஆண்டிலேயே ஆடம் ஸ்மித் கண்டிருந்தார். சாகசம் நிறைந்த தொழில்களில் உள்ள ஆபத்து இளைஞர்களை அச்சுறுத்துவதற்குப் பதிலாக ஈர்க்கிறது. அதனால் அங்கே கூலி உயர்வதில்லை என்பது அவருடைய கணிப்பு. டார்ஜிலிங்கின் ஆள் சேர்ப்பு வரிசைக்கு இது முற்றிலும் பொருந்தும். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் 1922-ஆம் ஆண்டின் கதை தெரிந்திருக்கும். அந்த ஆண்டில் எவரெஸ்ட்டின் வடக்குப் பக்கம் நிகழ்ந்த பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் மாண்டனர். அந்தப் பயணத்தில் பங்கேற்ற ஆங்கிலேயர்களின் பெயர்களை மலையேற்ற ஆர்வலர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்; அந்த எழுவரின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் அரிது.

1935, 1936, 1938 என மூன்று முறை டென்சிங் வடக்குப் பக்கமாக எவரெஸ்ட்டுக்குச் சென்றார். 1938-இல் டில்மன் தலைமையிலான குழுவில் 8,200 மீட்டருக்கும் மேலே, மிக உயர்ந்த முகாம் வரை சுமை கொண்டு சென்றார். அத்தகைய ஷெர்பாக்களுக்கு இமாலயக் கழகம் வழங்கிய புலிச் சின்னம் அவருக்கும் கிடைத்தது. பதக்கம் பெருமை தந்தது. குடும்ப நிலை மாறிவிடவில்லை.

பிறகு போர் வந்தது. பயணக் குழுக்கள் நின்றன. வேலை தேடி, இன்று பாகிஸ்தானில் உள்ள சித்ரால் வரை சென்றார். ஏற்கெனவே ஒரு மகனை இழந்திருந்த அவருடைய மனைவி தவா புட்டி 1944-இல் அங்கேயே இறந்தார். இரு சிறு மகள்களை அழைத்துக்கொண்டு டென்சிங் டார்ஜிலிங் திரும்பினார். பின்னர் அங் லாமு என்ற பெண்மணியை மணந்தார். மற்றவர் வீடுகளில் பணிபுரிந்து அவர் ஈட்டிய வருவாயில்தான் அக்குடும்பம் பல மாதங்கள் நிமிர்ந்து நின்றது. மலை வீரர்களின் வரலாற்றில் இத்தகைய பெண்களின் கணக்கு எழுதப்படுவதே இல்லை.

1947-இல் இரு நிகழ்வுகள். ஏர்ல் டென்மன் என்ற கனடா நாட்டவர், அனுமதியின்றித் திபெத் வழியே எவரெஸ்ட் ஏற முயன்றார்; டென்சிங் அவருடன் சென்று, புயலால் திரும்பினார். அதே ஆண்டில் சுவிஸ் குழுவொன்று கேதார்நாத் சிகரத்துக்குச் சென்றபோது, ஷெர்பாக்களின் தலைவரான சர்தார் விபத்தில் காயமுற்றார். அப்பொறுப்பு டென்சிங்கிடம் வந்தது. சுமைதூக்கி என்ற நிலையிலிருந்து, ஆள்களைத் தேர்ந்து, கூலி பேசி, சுமையைப் பங்கிட்டு, பூசலைத் தீர்க்கும் தலைவராக அவர் உயர்ந்தார். 1951-இல் பிரெஞ்சுக் குழுவுடன் கிழக்கு நந்தாதேவிச் சிகரத்தை அடைந்தார். காணாமற்போன இரு பிரெஞ்சு வீரர்களைத் தேடிச் சென்ற அந்த ஏற்றமே தன் வாழ்வில் மிகக் கடினமானது என்று அவர் கருதினார்.

அவருடைய வாழ்வில் மிக உயர்ந்த ஆண்டு 1953 என்று உலகம் சொல்லும். என் கணிப்பில் அதற்கு முந்தைய ஆண்டு அதைவிட முக்கியமானது. நேபாளம் கதவைத் திறந்துவிட்டிருந்தது. 1952 வசந்தத்தில் வந்த சுவிஸ் குழு, டென்சிங்கைச் சர்தாராக மட்டுமன்றி, மலையேறும் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. ஏவல் செய்ய அன்றி, உடன் ஏற அழைக்கப்பட்டார் அவர். கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் ரேமண்ட் லாம்பர். அவரும் பிழைப்புக்காக வழிகாட்டியாக இருந்தவர். ஆல்ப்ஸ் மலையில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தவர். ஒருவர் மொழி மற்றவருக்கு ஓரளவுக்கு மேல் தெரியாது. ஆயினும் 8,400 மீட்டர் அளவில், உறங்குபையோ அடுப்போ இல்லாமல், மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கி நாவை நனைத்து ஓர் இரவைக் கழித்தனர். உறங்கினால் உறைந்துவிடுவோம் என்று ஒருவரையொருவர் தட்டிக்கொண்டே விழித்திருந்தனர். மறுநாள், மே 28 அன்று, ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை சென்று திரும்பினர். மேலும் இருநூற்றைம்பது மீட்டர் போயிருந்தால் சிகரம். போயிருந்தால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மீண்டும் முயன்றபோது மிங்மா டோர்ஜே என்ற ஷெர்பா உயிரிழந்தார். குளிரும் காற்றும் குழுவைத் திருப்பி அனுப்பின. டென்சிங் நோயுற்று, உடல் மெலிந்து வீடு வந்தார்.

அந்நிலையில்தான் ஜான் ஹண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவின் அழைப்பு வந்தது. தயக்கம் இருந்தது. ஆயினும், ஏழாவது முறையாக எவரெஸ்ட்டுக்குப் புறப்பட்டார். 362 சுமைதூக்கிகளும் இருபது ஷெர்பாக்களும் சேர்ந்த மாபெரும் படை அது. காத்மாண்டுவில் பிரிட்டிஷ் தூதரக வளாகத்தில் ஷெர்பாக்களுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு வாகனக் கொட்டில், கழிப்பறை கிடையாது. மறுநாள் காலை அவர்கள் தூதரகத்துக்கு முன்னே சாலையிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். அடுத்து, மலையில் அணியத் தரப்படும் உடைகளைத் திருப்பித் தர வேண்டுமா என்ற பூசல் எழுந்தது. உடையும் கூலியின் ஒரு பகுதி என்பது ஷெர்பாக்களின் வழக்கம். இரு தரப்புக்கும் இடையே நின்று பேசி, பயணம் முறியாமல் காத்தவர் டென்சிங். சிகரத்தை எட்டிய கதையில் இப்பகுதி பெரும்பாலும் விட்டுப்போகிறது. என்னைப் பொருத்தவரை, இது இல்லாமல் அந்தக் கதை முழுமையடையாது.

கும்பு பனியருவிப் பகுதியில் எட்மண்ட் ஹிலாரி பனிப்பிளவில் சரிந்தபோது, கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காத்தார் டென்சிங். அதன் பிறகு இருவரும் இணைந்தே ஏறினர். மே 26 அன்று முதலில் சென்ற எவான்ஸ், போர்டில்லான் இணை, உச்சிக்கு நூறு மீட்டர் கீழே உள்ள தெற்குச் சிகரத்திலிருந்து திரும்பியது. மே 28 அன்று 8,500 மீட்டர் உயரத்தில் டென்சிங்கும் ஹிலாரியும் கூடாரமிட்டனர். அங்கு வரை அவர்களுக்காகச் சுமை கொண்டுவந்தவர்களில் ஆங் நிமா என்ற ஷெர்பாவும் உண்டு. அதற்கு முன்பே ஹண்ட்டுடன் ஏறி, வழியில் ஓரிடத்தில் பொருள்களை வைத்துச் சென்றவர் தா நம்ங்யால். இப்பெயர்களையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மறுநாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு இருவரும் உச்சியில் நின்றனர்.

அங்கே அவர்கள் இருந்தது ஏறத்தாழ பதினைந்து நிமிடங்கள். ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகள் கட்டிய பனிக்கோடரியை டென்சிங் உயர்த்திப் பிடித்திருக்கும் படம் நாம் அறிந்ததே. இந்தியக் கொடி, டார்ஜிலிங் நண்பர் ஒருவர் கொடுத்தனுப்பியது. கழுத்தில் அணிந்திருந்த சிவப்புத் துணி, லாம்பர் அன்பளிப்பாகத் தந்தது. பனியைத் தோண்டி இனிப்புகளையும், மகள் நிமா கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் காணிக்கையாக வைத்தார். நமது குலதெய்வக் கோயில் படையலைக் கண்டவர்களுக்கு அந்தச் செயலின் பொருள் விளங்கும். மலையை வென்றதாக அவர் எண்ணவில்லை. அதன்முன் வணங்கி நின்றதாகவே எண்ணினார்.

இறங்கி வந்ததும் தொடங்கியது வேறொரு போர். முதலில் உச்சியில் கால் வைத்தவர் யார்? நேபாளத்தில் ஒரு பதிலை எதிர்பார்த்தனர், இங்கிலாந்தில் வேறொன்றை. அவர் நேபாளியா, இந்தியரா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கருவில் சுமந்தது நேபாளம் என்றால், வளர்த்தது இந்தியா என்ற நிலையில் நின்றார் அவர். இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே அடைந்தோம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தும் கூச்சல் அடங்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1955-இல் வெளிவந்த தன்வரலாற்றில், சில அடிகள் முன்னே சென்றவர் ஹிலாரி என்று டென்சிங்கே வெளிப்படையாகச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், பிறர் எழுதச் சொல்லித் தந்த நூல் அது. தனக்குப் பாதகமான உண்மையைத் தானே முன்வந்து சொன்ன அந்த நேர்மை, சிகரம் ஏறியதற்குக் குறைந்ததன்று.

அந்தக் கேள்வியே பிழையானது என்பதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் உண்டு. ஆல்சியன், டெம்செட்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இருவர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கி வண்டியில் ஏற்றும் எடுத்துக்காட்டு வருகிறது. ஏற்றிய மொத்தப் பாரத்தை எடை போடலாம். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் காய்கறி மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவோரைக் காட்டியே இதை வகுப்பில் விளக்குவேன். ஒரே கயிற்றில் கட்டப்பட்ட இருவரில் முதல்வர் யார் என்று கேட்பதும் அப்படித்தான்.

பட்டங்கள் வழங்கியவர்களோ பங்கைப் பிரித்தனர். ஹண்ட்டுக்கும் ஹிலாரிக்கும் சர் பட்டம். டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இதுபற்றிப் பலர் வருந்தினர். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவருக்குத் தகுந்த மதிப்பு டார்ஜிலிங்கில் கிடைத்தது. பிரதமர் நேருவும் மேற்கு வங்க முதல்வர் பி.சி. ராயும் ஆர்வம் காட்ட, 1954 நவம்பரில் அங்கே இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. களப் பயிற்சியின் முதல் இயக்குநராக டென்சிங் அமர்த்தப்பட்டார். அதற்காக சுவிட்சர்லாந்து சென்று கற்பிக்கும் முறையையும் பயின்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இந்திய இளைஞர்களுக்கு மலையைக் கற்பித்தார். பள்ளிக்கூடம் பார்க்காத ஒருவர் ஆசிரியர்களுக்கு ஆசிரியரானார். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவருடைய உறவினரான நவாங் கோம்பு 1963-லும், இந்தியக் குழுவினருடன் 1965-லும் ஏறி, எவரெஸ்ட்டை இருமுறை அடைந்த முதல் மனிதரானார்.

1976-இல் ஓய்வு பெற்றார். பின்னர் சொந்தமாக ஒரு மலைப்பயண நிறுவனத்தைத் தொடங்கினார். உலகப் புகழ் பெற்ற பிறகும், அறுபது வயதைக் கடந்த பிறகும், சுற்றுலாக் குழுக்களுக்கு வழிகாட்டிச் செல்வதை அவர் தாழ்வாகக் கருதவில்லை. 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்து, 1996-இல் அவருடைய மகன் ஜாம்லிங் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்.

அவருக்குப் பின் ஷெர்பாக்களின் நிலை எவ்வளவு மாறியிருக்கிறது? வருவாய் கூடியிருக்கிறது, சொந்த நிறுவனங்கள் நடத்தும் ஷெர்பாக்கள் பலர் உள்ளனர். கமி ரீட்டா ஷெர்பா 2025 மே மாதத்தில் 31-ஆவது முறையாக எவரெஸ்ட் ஏறினார். ஆனால், 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து, வழி அமைத்துக்கொண்டும் சுமை கொண்டுசென்றும் இருந்த பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் இறந்தனர். ஈமச்சடங்குக்கென அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். கொதித்தெழுந்த ஷெர்பாக்கள் மேலே செல்ல மறுக்க, தெற்குப் பக்கத்தில் அந்தப் பருவமே ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. வெளிநாட்டவர் ஒருவர் எவரெஸ்ட் ஏற அனுமதிக் கட்டணமாக மட்டும் அப்போது பல்லாயிரம் டாலர் வசூலிக்கப்பட்டது. இன்று அது 15,000 டாலர். உச்சிக்குச் செல்பவர் பனியருவியைச் சில முறைதான் கடக்கிறார். அவருடைய கூடாரத்தையும் பிராணவாயுவையும் கொண்டுசெல்பவர் அதே இடத்தைப் பன்முறை கடக்க வேண்டும். ஆபத்து சமமாகப் பங்கிடப்படவில்லை.

இதைச் சொல்வதால், நம் இளைஞர்கள் மலையேறக் கூடாது என்பது என் கருத்தன்று. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023-இல் எவரெஸ்ட் ஏறி, அங்கு சென்ற முதல் தமிழ்நாட்டுப் பெண் என்ற பெருமையைப் பெற்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். வெயில் காயும் கரிசல் நிலத்திலிருந்து பனிச் சிகரத்துக்குச் செல்வது எளிய செயலன்று. செல்ல விரும்புவோர் செல்லட்டும். ஆனால், குழுவில் சேரும் முன்பு சில கேள்விகளைக் கேட்பது நம் உரிமை, நம் கடமையும்கூட. சுமை தூக்குபவருக்கு நாள்கூலி எவ்வளவு? எத்தனை கிலோ வரை ஏற்றுவார்கள்? அவருக்கும் நமக்குத் தருவதைப் போன்ற உடையும் காலணியும் உண்டா? அவர் பெயரில் காப்பீடு இருக்கிறதா? நோயுற்றால் கீழே கொண்டுவர ஏற்பாடு உண்டா? மலிவான கட்டணத்தைக் காட்டும் நிறுவனம் எந்தச் செலவைக் குறைத்து அதைத் தருகிறது? நுகர்வோர் கேட்காத கேள்விக்குச் சந்தை தானாகப் பதில் சொல்வதில்லை.

இந்தக் கேள்விகள் இமயத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல. சதுரகிரிக்கு முதியோரை டோலியில் சுமந்து செல்வோரிடமும், சந்தையில் மூட்டை சுமப்போரிடமும் பேரம் பேசும்போது இவை நம் மனத்தில் எழ வேண்டும். சித்திரைத் திருவிழாவில் வைகைக்கு வரும் கள்ளழகரைக் காண லட்சக்கணக்கில் கூடுகிறோம். பல்லக்கைத் தோளில் தாங்கி வருபவர்களின் முகங்களையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்க்கலாம்.

டென்சிங் சிகரத்தில் நின்ற படத்தில் அவர் முகம் தெரிவதில்லை. பிராணவாயு முகமூடி அதை மறைத்திருக்கிறது. மலையில் சுமை தூக்கிய ஆயிரக்கணக்கானோரில் எவர் வேண்டுமானாலும் அங்கே நின்றிருக்கலாம் என்று எண்ணும்படி இருக்கிறது அந்தப் படம்.